மலையில் விட்டுவரக் கூடாத இறைச்சி: எல்க் மான் சட்டங்களின் வரலாறு

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து வேட்டைச் சட்டத்தில், கொன்ற விலங்கின் இறைச்சியை வீணாக்குவதைக் குற்றமாக்கும் ஒரு பிரிவு உள்ளது. தலை, தோல், கொம்பு, கோரைப்பல், பல் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை விட்டுச் செல்லலாகாது என்பது அப்பிரிவின் முதல் விதி. உண்ணத் தகாத நிலைக்கு உடல் கெட்டுப்போகுமாறு அதை ஏற்றிச் செல்வதும், தொங்கவிடுவதும், சேமித்து வைப்பதும் குற்றம் என்கிறது அடுத்த விதி. உணவுக்குரிய பகுதியைக் காட்டிலேயே கைவிடுவதும் குற்றம் என்கிறது மூன்றாவது விதி.

இதைப் படிக்கும் நம் வாசகர் 'பல்' என்ற சொல்லில் சற்றே நிற்கக்கூடும். தோலுக்காகவும் கொம்புக்காகவும் மானைக் கொல்வதை நாம் அறிவோம். பல்லுக்காகவும் ஒரு மானைக் கொல்வார்களா? கொன்றார்கள். அதுவும் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அந்தச் சட்டச் சொல்லுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

எல்க் என்பது வட அமெரிக்காவின் மிகப் பெரிய மான் இனங்களுள் ஒன்று. ஷானி பழங்குடியினர் அதற்கு இட்ட பெயர் வாப்பிட்டி. வெண்மையான பின்புறம் கொண்டது என்பது அதன் பொருள். வளர்ந்த ஆண் எல்க் சுமார் 320 கிலோவும், பெண் எல்க் சுமார் 230 கிலோவும் இருக்கும். ஐரோப்பாவில் எல்க் என்றால் வேறொரு விலங்கு. அதை அமெரிக்கர் மூஸ் என்பர். பெயர்க் குழப்பம் அத்தோடு நிற்கவில்லை. இலங்கையின் நுவரெலியா மலைகளில் வேட்டையாடிய ஆங்கிலேயர், அங்குள்ள தமிழர் மரை என்று அழைக்கும் விலங்கையும் எல்க் என்றே எழுதி வைத்தனர். அந்த மரையே தமிழகத்தில் கடமான் என்றும் மிளா என்றும் வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் பேசப்படுவது அமெரிக்க எல்க் மட்டுமே.

எல்க் மானின் மேல்தாடையில் இரு கோரைப்பற்கள் உண்டு. அவை தந்தத்தைப் போன்று வழவழப்பானவை. மெருகேற்றினால் பழுப்பும் வெண்மையும் கலந்து மின்னும். பழங்குடி மக்கள் அவற்றை ஆடைகளில் தைத்து அணிந்தனர். ஒரு பெண்ணின் ஆடையில் பல நூறு பற்கள் இருந்தால், அது அவளுடைய குடும்பத்தின் வேட்டைத் திறனுக்கும் செல்வத்துக்கும் சான்று. அப்பற்கள் நெடுங்காலம் சேர்த்து வைக்கப்பட்டவை. இறைச்சிக்காகக் கொன்ற மான்களிலிருந்து எடுக்கப்பட்டவை.

1868-ஆம் ஆண்டு நியூயார்க்கில் எல்க் மானின் பெயரில் ஒரு நட்புறவுச் சங்கம் தோன்றியது. வணிகரும் அலுவலரும் கலைஞரும் அதில் சேர்ந்தனர். ஊர்தோறும் கிளைகள் பெருகின. சங்கத்தின் அடையாளமாக எல்க் பல்லைத் தங்கத்தில் பதித்துக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடுவது நாகரிகமாயிற்று. மலையையே பார்த்திராத நகரத்து மனிதர்களின் சட்டைப்பைக்கு மேலே மலைவிலங்கின் பல் ஆடியது. தேவை பெருகியதால் விலையும் ஏறியது. வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் இதற்கென்றே ஒரு கூட்டம் உருவாயிற்று. ஆழ்ந்த பனியில் சிக்கிப் பட்டினியால் தளர்ந்து நிற்கும் மான்களைச் சுடுவார்கள்; இரு பற்களைப் பிடுங்குவார்கள்; முந்நூறு கிலோ உடலை அப்படியே விட்டு அடுத்த மானைத் தேடிச் செல்வார்கள். 1906-இல் அப்பள்ளத்தாக்கின் குடியேறிகளே ஒன்றுகூடி, பல் வேட்டையாளரை ஊரைவிட்டு வெளியேறுமாறு எச்சரித்தனர். பிற்காலத்தில் அச்சங்கமும் பல் அணியும் வழக்கத்தைக் கைவிட்டது.

பல்லுக்கு முன்பே தோல் வணிகம் இருந்தது. 1870-களில் மேற்குச் சமவெளிகளில் காட்டெருமைகள் தோலுக்காக இலட்சக்கணக்கில் சுடப்பட்டன. காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைத் தோலாகப் பதனிடும் முறை 1871 வாக்கில் கைகூடியதே அதற்குக் காரணம். இயந்திரங்களைச் சுழற்றும் வார்ப்பட்டைகளுக்கு அத்தோல் தேவைப்பட்டது. இரயில் பாதையோரம் தோல்கள் மலையாகக் குவிந்தன. இறைச்சி வெயிலில் அழுகியது. எல்க் மானுக்கும் அதே கதிதான். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கண்காணிப்பாளர் ஃபிலேட்டஸ் நாரிஸ் 1877-இல் அளித்த அறிக்கையில், 1875-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எல்க் தோல்கள் பூங்காவிலிருந்து வெளியே கொண்டு செல்லப்பட்டதாகப் பதிவு செய்தார். தோலுரித்தவர்கள் சில வேளைகளில் நாக்கையும் எடுத்தனர். எஞ்சியவை ஓநாய்க்கும் காக்கைக்கும் போயின.

அக்கொலைகள் நடந்த இடம் சட்டப் பாதுகாப்பு பெற்ற இடம் என்பதுதான் வேதனை. யெல்லோஸ்டோன் பூங்காவை 1872-இல் உருவாக்கிய சட்டமே, அங்குள்ள மீன்களையும் வேட்டை விலங்குகளையும் மனம்போன போக்கில் அழிப்பதையும், வணிக இலாபத்துக்காகப் பிடிப்பதையும் தடுக்கும் பொறுப்பை உள்துறைச் செயலரிடம் ஒப்படைத்திருந்தது. ஆனால் மீறுவோருக்கு என்ன தண்டனை என்று அது சொல்லவில்லை. தண்டனை குறிப்பிடப்படாத சட்டம் வேண்டுகோளுக்குச் சமம். 1886-இல் இராணுவம் பூங்காவின் காவலை ஏற்ற பிறகும், பிடிபட்டவனை எல்லைக்கு வெளியே துரத்தவும் அவனுடைய பொருள்களைப் பறிமுதல் செய்யவும்தான் வீரர்களால் முடிந்தது. சிறைத் தண்டனைக்கு வழிசெய்யும் சட்டம் 1894-இல்தான் வந்தது. அதற்குள் பூங்காவின் காட்டெருமைக் கூட்டம் அழிவின் விளிம்பை எட்டியிருந்தது.

இவ்விடத்தில் நிறைவேறாமற்போன ஒரு மசோதாவைக் குறிப்பிட வேண்டும். பழங்குடியினர் அல்லாத எவரும் பெண் காட்டெருமையைக் கொல்லக் கூடாது. ஆண் எருமையையும் உணவுக்குத் தேவையான அளவுக்கு மேல் கொல்லக் கூடாது என்று அது கூறியது. உணவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொல்லலாம் என்ற அளவுகோல் அம்மசோதாவில் தெளிவாகவே இருந்தது. 1874-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை ஏற்றன. அதிபர் கிராண்ட் கையெழுத்திடாமலே காலத்தைக் கடத்த, மசோதா மடிந்தது. காட்டெருமை அழிந்தால் பழங்குடியினர் பணிந்து விடுவர் என்ற எண்ணம் அன்றைய இராணுவ அதிகாரிகள் பலரிடம் இருந்தது. இறைச்சி வீணானது சிலருக்கு இழப்பாகத் தோன்றவே இல்லை. அது அவர்களுக்கு ஒரு போர்முறையாக இருந்தது.

அடுத்து எழுந்தது, வேட்டை விலங்கு யாருடைய சொத்து என்ற வினா. இங்கிலாந்தில் காட்டு மான் மன்னருக்கு உரியது. மன்னரின் மானைக் கொன்றவன் உயிரையோ உறுப்பையோ இழந்த காலம் உண்டு. 1217-ஆம் ஆண்டின் வனச் சாசனம்தான் அத்தண்டனைகளை நீக்கியது. மன்னரை விலக்கிய அமெரிக்காவில் அந்த உரிமை யாரைச் சேரும்? மக்களையே சேரும், மக்களின் பேரால் மாநில அரசு அதை அறங்காவலராக இருந்து காக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1896-இல் ஒரு கனெக்டிகட் வழக்கில் தீர்ப்பளித்தது. காட்டு விலங்கு மாநிலத்தின் சொத்து என்ற அக்கோட்பாட்டை 1979-இல் அதே நீதிமன்றம் கைவிட்டாலும், விலங்குகளைக் காக்கும் மாநிலங்களின் அதிகாரம் தொடர்கிறது. 1900-இல் வந்த லேசி சட்டம், ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட விலங்கை மற்றொரு மாநிலத்துக்குக் கடத்துவதை மத்திய அரசின் குற்றமாக்கியது. நகரத்து உணவகங்களுக்குக் காட்டு இறைச்சியை அனுப்பிப் பிழைத்த சந்தை வேட்டை ஒடுங்கியது.

சந்தை மூடப்பட்டதன் விளைவை ஆராய்ந்தால் இன்றைய சட்டத்தின் தர்க்கம் விளங்கும். காட்டில் கொன்ற எல்க் மானின் இறைச்சியை அமெரிக்காவில் விற்க முடியாது. உண்ணலாம், உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கலாம். பொதுமக்களின் சொத்திலிருந்து ஒருவர் ஒரு மானை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைப்பதே அது உணவாகும் என்ற எதிர்பார்ப்பில்தான். உணவாக்காமல் விட்டுவந்தால் அந்த அனுமதியின் அடிப்படையே போய்விடுகிறது.

ஆனால் இந்த உயர்ந்த கோட்பாடு நடைமுறைக்கு வந்தபோது முதலில் யார் மீது விழுந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

1868-இல் ஃபோர்ட் பிரிட்ஜர் என்ற இடத்தில் ஷோஷோனி, பன்னாக் மக்களுடன் அமெரிக்க அரசு ஓர் உடன்படிக்கை செய்தது. அவர்கள் ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிக்குள் குடியேற வேண்டும். அதற்கு ஈடாக, அரசின் ஆளற்ற நிலங்களில் வேட்டை விலங்குகள் உள்ளவரையில் அவர்கள் வேட்டையாடலாம் என்பது வாக்குறுதி. அம்மக்கள் ஆண்டுதோறும் ஐடஹோவிலிருந்து ஜாக்சன் ஹோல் பகுதிக்குக் குடும்பத்தோடு சென்று எல்க் வேட்டையாடினர். பெண்கள் இறைச்சியைக் கீற்றாக அரிந்து உலர்த்துவர், தோலைப் பதப்படுத்துவர். குளிர்காலம் முழுவதற்குமான உணவு அது.

வயோமிங் 1890-இல் மாநிலமாயிற்று. வேட்டைப் பருவங்களை வரையறுத்தது. ஜாக்சன் ஹோலின் குடியேறிகளுக்கு அப்போது ஒரு புதிய வருமானம் கிட்டியிருந்தது. கிழக்கு நகரங்களிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கொம்புக்காக வேட்டையாட வரும் செல்வந்தர்களுக்கு வழிகாட்டுவதே அந்தத் தொழில். பழங்குடியினர் தோலுக்காக எல்க் மான்களைக் கொன்று குவிக்கின்றனர், இறைச்சியை வீணாக்குகின்றனர் என்ற முறையீடுகள் எழுந்தன. கொம்புக்காக வருபவர் இறைச்சியை என்ன செய்கிறார் என்ற கேள்வி அந்த முறையீடுகளில் இடம்பெறவில்லை.

1895 ஜூலையில், ஆயுதம் ஏந்திய குடியேறிகள் குழு ஒன்று ஒரு பன்னாக் வேட்டைக் கூட்டத்தைக் குடும்பங்களோடு சேர்த்துக் கைது செய்து அழைத்துச் சென்றது. கொல்லத்தான் கொண்டு போகிறார்கள் என்று அஞ்சிய அம்மக்கள் மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் தப்பி ஓடினர். குழுவினர் சுட்டனர். முதியவர் ஒருவர் இறந்தார். குடும்பங்களின் உலர்ந்த இறைச்சியும் தோல்களும் கூடாரங்களும் அங்கேயே விடுபட்டன. குடியேறிகள் திட்டமிட்டே இதைச் செய்தனர் என்று அரசு அதிகாரிகளின் அறிக்கைகளே கூறின. இருந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

உடன்படிக்கைக்கு மதிப்பு உண்டா என்பதைத் தீர்மானிக்க ஒரு வழக்கு தேவைப்பட்டது. ரேஸ் ஹார்ஸ் என்ற பன்னாக் வேட்டையாளர் ஏழு எல்க் மான்களைக் கொன்றதற்காகக் கைது செய்யப்பட்டார். கீழமை நீதிமன்றம் உடன்படிக்கையை ஏற்று அவரை விடுவித்தது. ஆனால் 1896-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வயோமிங் மாநிலமான நாளிலேயே உடன்படிக்கையின் வேட்டை உரிமை முடிந்துவிட்டது என்றது. அரசு கொடுத்த வாக்கு, கொடுத்தவரின் வசதிக்கேற்ப இருபத்தெட்டு ஆண்டுகளில் காலாவதியாயிற்று. நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

எல்க் மான்களின் நிலை அதன் பின்னரும் மோசமாகவே இருந்தது. ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்காவில் ஒரு கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஓர் இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஜாக்சன் ஹோலின் மேய்ச்சல் நிலங்கள் பண்ணைகளாக மாறியதால் குளிர்காலப் பட்டினியிலும் ஆயிரக்கணக்கான மான்கள் மாண்டன. 1912-இல் அங்கே தேசிய எல்க் புகலிடம் நிறுவப்பட்டது. பருவக் கட்டுப்பாடு, உரிமம், பிற இடங்களில் மீள்குடியேற்றம் ஆகியவற்றால் இன்று எண்ணிக்கை சுமார் பத்து இலட்சம். அலாஸ்காவின் அஃபோக்னாக் தீவில் இன்று காணப்படும் எல்க் மான்கள்கூட, 1920-களின் இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்திலிருந்து கொண்டு சென்ற எட்டுக் கன்றுகளின் வழி வந்தவை.

இனி இன்றைய சட்டங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இறைச்சிக் கடையில் நின்று தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் கேட்டு வாங்கும் நம்மவர்க்கு இவற்றின் மொழி புதிதாக இராது.

எந்தப் பகுதியை எடுத்துவர வேண்டும் என்பதை அலாஸ்கா மிகத் துல்லியமாக வரையறுத்திருக்கிறது. எல்க் போன்ற பெருவிலங்கானால், முன்னங்கால் சப்பைகள் முழங்கால் மூட்டு வரை, பின்தொடைகள் கணுக்கால் மூட்டு வரை, முதுகெலும்பின் இருபுறத்துக் கறி, கழுத்துக்கறி, நெஞ்சுக்கறி, விலாக்கறி. இவை அனைத்தும் காட்டிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். தலை, குடல், தோல், எலும்பு ஆகியவற்றை விட்டுவரலாம். ஓநாயும் கரடியும் அண்டங்காக்கையும் அவற்றை விட்டுவைப்பதில்லை. கொம்பை முன்னதாகக் கொண்டுவரக் கூடாது என்ற விதியும் அங்கு உண்டு. இறைச்சியின் கடைசிச் சுமையோடுதான் கொம்பு வெளியே வரலாம். வேட்டையாளரின் நெஞ்சம் எதை முதலில் தூக்கும் என்பதை அறிந்தவர் எழுதிய விதி அது. வேண்டுமென்றே இறைச்சியைக் கைவிட்டவருக்குக் குறைந்தது தொடர்ந்து ஏழு நாள் சிறையும் 2,500 டாலர் அபராதமும் உண்டு.

அதே சட்டம் சில விலக்குகளையும் அனுமதிக்கிறது. இறைச்சி திருடு போயிருந்தால், எதிர்பாராத புயல் தடுத்திருந்தால், வேறொரு விலங்கு கவர்ந்திருந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் அதை எதிர்வாதமாக முன்வைக்கலாம். இத்தகைய நேர்வுகளை இறைவனின் செயல் என்றே அமெரிக்கச் சட்டமொழி குறிப்பிடுகிறது. நம் நாவில் அன்றாடம் வரும் சொல் ஒரு வேட்டைச் சட்டத்தில் இருப்பதைக் கண்டு வியந்தேன்.

கொலராடோவில் கொம்பையோ தலையையோ மட்டும் எடுத்துக்கொண்டு பெருவிலங்கின் உடலை விட்டுச் செல்வது சிறு குற்றமாகக் கருதப்படுவதில்லை, அது பெருங்குற்றம். அபராதம் பல்லாயிரம் டாலர் வரை போகும். வேட்டை உரிமமும் பறிபோகும்.

இறைச்சியைச் சுமந்து வரும் வழியிலும் விதிகள் உண்டு. ஆண் மானுக்கான அனுமதி வேறு, பெண் மானுக்கானது வேறு. ஆகவே கொன்றது ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் உறுப்பு, ஏதேனும் ஒரு தொடைப்பகுதியோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கின்றன. மான் விழுந்தவுடன் தேதியைக் குறித்து அனுமதிச் சீட்டை இணைத்தாக வேண்டும். வேறொருவரிடம் இறைச்சியைக் கொடுத்தனுப்பினால், யாருடைய மான், எவ்வளவு இறைச்சி, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் எழுத்து அவரிடம் இருக்க வேண்டும். வழியில் நிறுத்தும் அதிகாரிக்குச் சுமை மூட்டையே சாட்சி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

விதி எளிது, சுமை எளிதன்று. ஓர் ஆண் எல்க் மானில் எலும்பு நீக்கிய பின்னும் சுமார் 90 முதல் 110 கிலோ இறைச்சி தேறும். சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி மான் விழுந்தது என்று கொள்வோம். ஒருவர் முதுகில் 25 முதல் 30 கிலோ சுமந்தால் நான்கு நடை. சுமையோடு நான்கு முறை வெளியே, வெறுமையாக மூன்று முறை உள்ளே. ஆக 35 கிலோமீட்டர் மலைநடை. செப்டம்பரில் பகல் வெப்பம் தணியாது. எல்க் மானின் தோலும் மயிரும் கம்பளி போல உடற்சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதால், தொடை எலும்பைச் சுற்றிய இறைச்சிதான் முதலில் கெடும். விரைந்து தோலுரித்து, தொடைகளைப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, நிழலில் மரக்கிளையில் தொங்கவிட வேண்டும். இரண்டாம் நடைக்குத் திரும்பும்போது கரடி அங்கே உட்கார்ந்திருக்கவும் கூடும். ஆதலால் அனுபவம் மிக்க வேட்டையாளர், சுடுவதற்கு முன்னரே தூரத்தையும் பொழுதையும் கணக்கிடுவார். சுமந்து வர இயலாத இடத்தில் நிற்கும் மானைச் சுடாமல் விடுவார். சட்டம் கொலைக்குப் பின் வருவதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அதன் தாக்கம் விசை அழுத்தப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

அண்மைக் காலத்தில் இச்சட்டங்களுக்கு எதிர்பாராத ஒரு முரண் வந்து சேர்ந்தது. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வு நிலையத்தில் 1967-இல் மான்களிடம் ஒரு புது நோய் காணப்பட்டது. மான் மெலிந்து, நடை தடுமாறி, எச்சில் வடிய மடியும், மருந்து இல்லை. 1981-இல் காட்டு எல்க் ஒன்றிலும் அது உறுதியாயிற்று. நோயைப் பரப்பும் புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் மிகுதியாகச் சேர்கிறது. எனவே தலையையும் முதுகெலும்பையும் மாநில எல்லைக்குள் கொண்டுவரலாகாது என்று பல மாநிலங்கள் இன்று தடுக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்து வா என்று பழக்கிய சட்டத்தின் அருகிலேயே, இவற்றை எடுத்து வராதே என்ற சட்டம் நிற்கிறது. நோயுள்ள பகுதியில் கொன்ற மானைச் சோதித்துவிட்டே உண்ணுமாறும், நோய் இருப்பின் உண்ணாமல் தவிர்க்குமாறும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவுறுத்துகிறது. மனிதருக்கு அது தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை, எச்சரிக்கை மட்டுமே.

இதைப் படிக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இச்செய்திகள் தொலைவில் உள்ளவையாகத் தோன்றலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடமான் வேட்டையே குற்றம். எனவே வேட்டை இறைச்சியைச் சுமக்கும் வினா நமக்கு எழுவதில்லை. ஆயினும் வேட்டையில் கிடைத்த இறைச்சியைச் சுமந்து வந்த ஒரு நிகழ்ச்சி நம் ஹதீஸ் தொகுப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது. ஹுதைபிய்யா ஆண்டில் அபூ கதாதா (ரலி) அவர்கள் இஹ்ராம் அணியாத நிலையில் ஒரு காட்டுக் கழுதையை வேட்டையாடினார்கள். இஹ்ராமில் இருந்த தோழர்கள் அதை உண்டபின், தமக்கு அது ஆகுமானதுதானா என்று ஐயுற்றார்கள். எஞ்சியதைச் சுமந்துகொண்டு நபி (ஸல்) அவர்களிடம் சென்றார்கள். உங்களில் எவரேனும் வேட்டைக்கு ஏவினீர்களா, சைகை காட்டினீர்களா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், மீதமுள்ளதை உண்ண அனுமதித்தார்கள். ஐயம் வந்தபோதும் அத்தோழர்கள் இறைச்சியை எறிந்துவிடவில்லை என்பதையே நான் இதில் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். பயன் கருதாது விளையாட்டுக்காக மட்டும் வேட்டையாடுவதை ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் வெறுத்தே எழுதினர்.

நம் பக்கத்திலும் இறைச்சி வீணான காலம் இருந்தது. ஹஜ்ஜின் நாட்களில் மினாவில் அறுக்கப்பட்ட இலட்சக்கணக்கான பிராணிகளின் இறைச்சியில் பெரும்பகுதி, உண்பாரும் சுமப்பாரும் இன்றிப் புதைக்கப்பட்டது. 1983-இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் நிர்வாகத்தில் சவூதி அரேபியா ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அறுத்த இறைச்சியை உறையவைத்துப் பல நாடுகளின் ஏழைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. அங்கும் சிக்கல் சுமப்பதில்தான் இருந்தது.

மீண்டும் வயோமிங்குக்கு வருவோம். 2014 ஜனவரியில், கிரோ பழங்குடியைச் சேர்ந்த கிளேவின் ஹெரேராவும் அவருடைய துணைவர்களும் மொண்டானாவிலுள்ள தம் ஒதுக்கப்பட்ட நிலத்தில் எல்க் மான்களைத் தொடர்ந்து சென்றனர். மான்கள் எல்லையைக் கடந்து வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டுக்குள் நுழைந்தன. அங்கே அவர்கள் சில ஆண் எல்க் மான்களைச் சுட்டு, உடல்களைக் கூறிட்டு, இறைச்சியைச் சுமந்துகொண்டு மொண்டானாவுக்குத் திரும்பினர். பருவம் தவறி, மாநில உரிமம் இன்றி வேட்டையாடினார் என்று ஹெரேரா மீது வழக்குத் தொடரப்பட்டது. 1868-இல் கிரோ மக்களுக்கும் அதே வாக்குறுதி கொடுக்கப்பட்டிருந்தது என்று அவர் வாதிட்டார். வயோமிங் நீதிமன்றங்கள் ரேஸ் ஹார்ஸ் வழக்கின் தீர்ப்பைக் காட்டி மறுத்தன.

2019 மே மாதம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், உச்ச நீதிமன்றம் ஹெரேராவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு நிலப்பரப்பு மாநிலமாவதால் மட்டும் உடன்படிக்கை உரிமை அழிந்துவிடாது என்றும், 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அந்த அடிப்படை இனிச் செல்லாது என்றும் கூறியது. அந்த வேட்டை நடந்த இடம் ஆளற்ற நிலம்தானா, விலங்குக் காப்புக்காக மாநிலம் எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்ற வினாக்களை மட்டும் மீண்டும் வயோமிங் நீதிமன்றங்களுக்கே அனுப்பியது. வழக்கின் எந்தக் கட்டத்திலும் ஹெரேரா மீது இறைச்சியை வீணாக்கினார் என்ற குற்றச்சாட்டு இருக்கவில்லை. அந்த எல்க் மான்களின் இறைச்சி, வழக்கு தொடங்கு முன்னரே, பனியில் சுமந்து செல்லப்பட்டுக் கிரோ மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது.